தலைமாட்டில் ஒரு சீட்

அடுத்த தடவை கதவு திறந்து நிற்கிற ஆம்புலன்ஸ் எதையாவது கடந்து போக நேர்ந்தா (சும்மா நிற்கிற வண்டியாவே இருக்கட்டும்) உள்ளே ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க. பல வண்டிகளில் ஸ்ட்ரெச்சரோட தலைமாட்டுப் பக்கம், டிரைவர் கேபினை ஒட்டின மாதிரி, நோயாளியைப் பார்த்தபடி ஒரு சீட் இருக்கும். ஆக்ஸிஜன் சிலிண்டர், சக்‌ஷன் மெஷின் எல்லாத்தையும் விட அந்த சீட்தான் முக்கியம்னு நான் சொல்லுவேன். அந்த சீட் எப்படி வந்தது, அதில் முதலில் உட்கார்ந்தவங்க யாரு, அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு என்பதுதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம். காபி, டீ ஏதாவது எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

1960கள் வரைக்கும் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்னா என்ன தெரியுமா? நம்ம ஊர் அமரர் ஊர்தி இருக்கில்ல, கிட்டத்தட்ட அதுதான். காமெடி பண்ணலீங்க. 1966-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்துச் சாவுகளைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்துறவங்க சுமார் 12,000 சவ அடக்கக் கம்பெனிக்காரங்கன்னு அதில் எழுதியிருக்கு. காரணம் ரொம்ப எளிமை. ஊரில் ஒரு மனுஷனைப் படுக்க வச்சுக் கொண்டுபோகிற அளவுக்கு நீளமான வண்டி அவங்ககிட்டதான் இருந்தது! உயிரோட இருந்தா ஆஸ்பத்திரி, வழியிலேயே போயிட்டா ரூட் மட்டும் மாறும். ரெண்டு பக்கமும் வியாபாரம்.

அதே அறிக்கை தரும் கணக்கு: 1965-ல் மட்டும் விபத்துகளில் செத்தவங்க 1,07,000 பேர், நிரந்தரமா ஊனமானவங்க 4 லட்சம் பேர். கொரியா, வியட்நாம் போர்முனைகளைப் பார்த்த மருத்துவர்கள் சொன்ன ஒரு கருத்தும் அதில் இருக்கு. படுகாயம் பட்டா சராசரி அமெரிக்க நகரத்துத் தெருவில் கிடப்பதைவிட போர்க்களத்தில் கிடந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் அது. போர்க்களத்தில் காயத்தைக் கட்டத் தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்திலேயே இருப்பான். நகரத்தில் இருந்ததோ நீளமான வண்டி மட்டும்.

சவ வண்டி இல்லாத இடத்தில் போலீஸ் வேன். பிட்ஸ்பர்க் நகரம் அப்படித்தான். (பிட்ஸ்பர்க்னா நம்மாட்களுக்கு உடனே ஞாபகம் வருவது 1970களில் கட்டின வெங்கடாசலபதி கோயில். அந்தக் கோயிலுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை, காலம் மட்டும்தான் ஒண்ணு.) ரெண்டு போலீஸ்காரங்க வருவாங்க, ஆளைத் தூக்கி வேனுக்குப் பின்னாடி போடுவாங்க, ரெண்டு பேருமே முன்னாடி ஏறி வண்டியை விரட்டுவாங்க. பின்னாடி நோயாளி தனியா. சொந்தக்காரங்க கூட இருந்தா கையைப் பிடிச்சுக்கலாம், அவ்வளவுதான்.

சரி, ஒருத்தர் பின்னாடி இருந்திருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பார்? நியாயமான கேள்வி. இங்கதான் அடிப்படைப் பாடத்துக்கு வரணும்.

மயக்கமா இருக்கிற மனுஷனை மல்லாக்கப் படுக்க வச்சா நாக்கும் தாடையும் தளர்ந்து பின்னாடி சரியும். தொண்டை அடைபடும். அவருக்கு இதயம் நல்லா இருக்கலாம், நுரையீரல் நல்லா இருக்கலாம். ஆனா காற்று போற வழி மூடிடுச்சு. மூளைக்கு ஆக்ஸிஜன் நின்னு நாலஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா சேதம் ஆரம்பம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷத் தூரம்னா கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. இத்தனைக்கும் வைத்தியம் என்ன? நெத்தியில் ஒரு கை, மோவாயில் ரெண்டு விரல், தலையைப் பின்னாடி சாய்ச்சு மோவாயைத் தூக்கணும். கழுத்தில் அடி பட்டிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா தலையைச் சாய்க்காம தாடையை மட்டும் முன்னாடி தள்ளணும். மருந்து வேணாம், மெஷின் வேணாம். ஆனா இதைச் செய்ய ஒரு ஆள் அந்தத் தலைமாட்டில் இருந்தே ஆகணும். முன் சீட்டிலிருந்து செய்ய முடியாது.

தாடையைத் தூக்குற வித்தை மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனா ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தாண்டி அது வெளியே வரவே இல்லை. வெளியில் முதலுதவி வகுப்புகளில் என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னா, ஆளைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கி, கையைத் தூக்கி இறக்குறது. பழைய படங்களில் ஆற்றில் விழுந்தவங்களுக்கு அப்படிச் செய்வாங்களே, அதேதான். பல வருஷம் பல தேசங்களில் அதுதான் வேதம்.

இதை உடைச்சவர் பீட்டர் சஃபார். 1924-ல் வியன்னாவில் பிறந்து அமெரிக்கா வந்த மயக்கவியல் மருத்துவர். 1950களின் பிற்பாதியில் பால்டிமோரில் அவர் செஞ்ச சோதனையை இன்னைக்குச் செய்யணும்னா எந்த ஒழுங்குமுறைக் குழுவும் அனுமதி கொடுக்காது. தானா முன்வந்த டாக்டர்கள், மருத்துவ மாணவர்கள் போன்றவங்களுக்கு மயக்க மருந்தும், தசைகளை முழுசா செயலிழக்க வைக்கும் க்யூராரே வகை மருந்தும் கொடுத்தார். தானா மூச்சு விடவே முடியாது. அந்த நிலையில் முதுகை அமுக்குற பழைய முறையையும், வாயோடு வாய் வச்சு ஊதுற முறையையும் ஒப்பிட்டு அளந்து பார்த்தார். பழைய முறையில் பெரும்பாலும் காற்று உள்ளேயே போகலை, தொண்டை அடைப்பு அப்படியே இருந்தது. ஊதினப்போ போச்சு. நாம வெளியே விடுற மூச்சில் இன்னும் 16, 17 சதவீதம் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கு, இன்னொருத்தர் உயிரைப் பிடிச்சு வைக்க அது போதும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. ஊதினவங்க எல்லாருமே டாக்டர்கள் இல்லை. தீயணைப்பு வீரர்கள், சாரணர் பையன்கள் மாதிரி சாதாரண ஆட்களைக் கூட்டிட்டு வந்து, காட்டிக் கொடுத்து, ஊதச் சொன்னார். அவங்களும் சரியாவே செஞ்சாங்க. வழியைத் திறக்க டாக்டர் பட்டம் வேணாம்னு அப்பவே நிரூபணம் ஆயிடுச்சு. மருத்துவ உலகம் அதை ஜீரணிக்கத்தான் நாளாச்சு.

1960-ல் அதே பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர்னு மூணு பேர் நெஞ்சைத் திறக்காமலே மேலிருந்து அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கலாம்னு காட்டினாங்க. சஃபார் தன்னுடையதையும் அதையும் சேர்த்தார். காற்றுவழி, மூச்சு, ரத்த ஓட்டம். இங்கிலீஷில் ஏ, பி, சி. உலகத்தில் எந்த ஊரில் அவசர சிகிச்சை படிச்சாலும் முதல் வகுப்பில் வருகிற அந்த ஏபிசி இதுதான். (திடீர்னு இதயம் நின்னுபோன பெரியவங்களுக்கு முதலில் நெஞ்சை அமுக்கணும் என்று 2010-ல் அமெரிக்க இதயச் சங்கம் வரிசையை சி, ஏ, பி-ன்னு மாத்தினது. பீச்சி அடிக்கிற ரத்தப்போக்கு இருந்தா அதை நிறுத்துறதுதான் முதல் வேலைன்னும் இப்போ சொல்லித் தராங்க. எழுத்து அதே, வரிசைதான் ஆளைப் பொறுத்து மாறுது.)

1961-ல் சஃபார் பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். 1966-ல் ரெண்டு அடி விழுந்தது.

முதல் அடி வீட்டிலேயே. அவருடைய மகள் எலிசபெத், 11 வயசு, ஆஸ்துமா. கடுமையான ஒரு தாக்குதலில் மூச்சு நின்னு, மூளை பாதிச்சு, இறந்து போனாள். சஃபார் அப்போ ஊரில் இல்லை. உலகத்துக்கே மூச்சு ஊதக் கத்துக்கொடுத்த மனுஷனோட பொண்ணு.

ரெண்டாவது, அந்த வருஷம் நவம்பர் 4. பிட்ஸ்பர்க்கின் முன்னாள் மேயர், பென்சில்வேனியாவின் முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டத்தில் பேசும்போது சரிஞ்சு விழுந்தார். கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ் ஓடி வந்து முதலுதவியை ஆரம்பிச்சார். ஆனா வந்ததென்னவோ போலீஸ் வண்டி. ஆஸ்பத்திரியில் சஃபாரின் ஆட்கள் இதயத்தைத் திரும்ப ஓட வச்சாங்க, மூளை திரும்பலை. நவம்பர் 21-ல் இறந்தார். மாநிலத்தின் மிகப் பெரிய அரசியல்வாதிக்கே இந்த கதின்னா...

அந்த நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் வாழ்ந்த, ஒரு காலத்தில் ஜாஸ் இசைக்குப் பேர்போன இடம். 1950களில் நகர மேம்பாடுங்கிற பேரில் அதன் கீழ்ப்பகுதியை இடிச்சு, சுமார் 8,000 பேரைக் கிளப்பிட்டு, ஒரு பெரிய அரங்கம் கட்டினாங்க. (மேம்பாடுன்னா யாரோ கிளம்பணும், எந்த ஊரா இருந்தா என்ன.) மிஞ்சின பகுதியில் வேலை இல்லை, ஆஸ்பத்திரி போக வண்டி இல்லை. கூப்பிட்டா போலீஸ் வேன்தான், அந்தத் தெருக்களில் போலீஸ் வேனில் ஏற யாருக்கும் இஷ்டமும் இல்லை.

ஃபில் ஹாலன் என்பவர் ஒரு மருத்துவ அறக்கட்டளையின் தலைவர், இளவயதில் ஆம்புலன்ஸ் ஓட்டினவர். இந்தப் பகுதிக்கு ஆம்புலன்ஸும் வேணும், வேலையும் வேணும், ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா என்னன்னு அவருக்குத் தோணிச்சு. ஹில்லில் கறுப்பினத்தவரின் தொழில் முயற்சிகளுக்காக ஜேம்ஸ் மெக்காய் நடத்திய ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு கை கோர்த்தது. பயிற்சிக்கு யாருன்னு தேடினப்போ சஃபார் தயாரா இருந்தார். ஜான்சன் அரசாங்கத்தின் வறுமை ஒழிப்புத் திட்டப் பணமும் உள்ளே வந்தது.

1967-ல் முதல் வகுப்பு. சுமார் 25 பேர். பலர் பள்ளிக்கூடத்தையே முடிக்காதவங்க. சிலர் வியட்நாமிலிருந்து திரும்பினவங்க, சிலர் மேல் பழைய போலீஸ் வழக்கு. வேலைக்கே லாயக்கில்லைன்னு ஊர் முத்திரை குத்தின ஆட்கள். இவங்களுக்கு சஃபார் போட்ட பாடத்திட்டம் 32 வாரம், 300 மணி நேரம். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்ப்பித்தல், நர்ஸிங், வண்டியைப் பதறாம ஓட்டுறது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குள்ள பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு. பள்ளி முடிக்காதவங்களுக்குக் கூடவே அந்தச் சான்றிதழுக்கான பாடமும் நடந்தது.

300 மணி நேரம்ங்கிறது எவ்வளவு பெரிசுன்னு புரிய ஒரு ஒப்பீடு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நாடு முழுக்கவுள்ள ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காகக் கொண்டுவந்த முதல் அடிப்படைப் பாடத்திட்டம் 81 மணி நேரம்தான். அதுக்கு முன்னால பல இடங்களில் ஒரு மணி நேரம்கூடக் கட்டாயம் கிடையாது. டிரைவிங் லைசன்ஸ் இருந்தாப் போதும்.

வண்டியையும் சஃபாரே வடிவமைச்சார். சவ வண்டிக்குக் கூரை தாழ்வு, உள்ளே நிமிர முடியாது, தலைமாட்டில் இடமே இருக்காது. இவர் கூரையை உயர்த்தி, தலைமாட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து காற்றுவழியைப் பார்க்கிற மாதிரி அமைச்சார். ஆமா, நம்ம சீட்!

1968-ல் வண்டிகள் தெருவில் இறங்கின. முதல் வருஷம் ஏறக்குறைய 5,800 அழைப்புகள், 4,600-க்கு மேல் நோயாளிகள். ஹில் மக்கள் போன் பண்ணும்போதே போலீஸ் வேணாம், ஃப்ரீடம் ஹவுஸை அனுப்புங்கன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. இதில் ஒரு வேடிக்கை, நகரத்தின் பணக்கார வெள்ளைக்காரப் பகுதிகளுக்கு அப்பவும் போலீஸ் வேன்தான். ஏழைக் கறுப்பின மக்களுக்குக் கிடைச்ச சிகிச்சை அவங்களுக்குக் கிடைக்கலை. 1972-ல் சஃபார் குழு கணக்கெடுத்தப்போ, ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்கள் ஆபத்தான நிலையில் இருந்த நோயாளிகளுக்கு 89 சதவீதம் சரியான சிகிச்சை கொடுத்திருந்தாங்க. போலீஸுக்கு அது 38.

மயாமி, சியாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸ்னு மத்த ஊர்களிலும் அதே காலத்தில் முயற்சிகள் நடந்தன. பெல்ஃபாஸ்ட்டில் பேன்ட்ரிட்ஜ் 1966-லேயே கார் பேட்டரியில் ஓடும் டிஃபிப்ரிலேட்டரை வண்டியில் ஏத்திட்டார். யார் முதல்ங்கிற குடுமிப்பிடிக்கு நான் வரலை. ஆனா அந்த ஊர்களில் பயிற்சி பெற்றவங்க பெரும்பாலும் ஏற்கெனவே அரசாங்கச் சம்பளம் வாங்கிய தீயணைப்பு வீரர்கள், குறி பெரும்பாலும் மாரடைப்பு. தெருவில் சும்மா நின்ன ஆட்களை எடுத்து எல்லா அவசரத்துக்கும் தயார் பண்ணினது ஹில்லில்தான்.

ஜான் மூன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரியில் வார்டு பாய் மாதிரி வேலை பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு நாள் ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்கள் ரெண்டு பேர் சீருடையில் நோயாளியைக் கூட்டிப்போக உள்ளே வந்தாங்க. அந்த நடை, அந்த மிடுக்கு, அந்த வேலை தெரிஞ்ச தோரணை. அதுவரை ஆஸ்பத்திரியில் கறுப்பின ஆண்களை அப்படி அவர் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்துட்டார். பிற்பாடு பேட்டிகளில் அவர் சொன்னது: சில வெள்ளைக்கார நோயாளிகள் மூச்சு விட முடியாம தவிக்கிறப்பவும் இவங்க கை தன்மேல் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாதி பார்த்துத் தண்ணி குடிச்ச ஊர்க்காரங்க நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1974-ல் நான்ஸி கரோலின் என்ற இளம் டாக்டர் மருத்துவ இயக்குநரா வந்தார். ஆபீஸில் உட்கார்ற ஜாதி இல்லை. வண்டியிலேயே கூடப் போனார், வானொலியில் உத்தரவு கொடுத்தார், ஒவ்வொரு கேஸ் முடிஞ்சதும் எங்க தப்பு, எது சரின்னு உட்கார வச்சுப் பிரிச்சு மேய்ஞ்சார். தொண்டைக்குள் குழாய் போடுறது, நரம்பில் ஊசி ஏத்துறது, இதயத் துடிப்பு வரைபடம் படிக்கிறதுன்னு டாக்டர்கள் மட்டுமே செஞ்ச வேலைகள் தெருவுக்கு வந்தன. பாராமெடிக் எனும் மேல்நிலைப் பயிற்சிக்கு தேசியப் பாடத்திட்டம் எழுதும் பொறுப்பை அமெரிக்க அரசு அவரிடம் கொடுத்தது. அதைச் சோதிச்சுப் பார்த்த களம் ஃப்ரீடம் ஹவுஸ். தெருவில் ஒரு மனுஷனை எப்படி அணுகணும், எந்த வரிசையில் பார்க்கணும் என்பதெல்லாம் ஹில்லின் மாடிப்படிகளிலும் சந்துகளிலும் தேய்ச்சு மெருகேறினது. 1979-ல் கரோலின் எழுதி வந்த பாடப்புத்தகம் இன்னைக்கும் புதுப்புதுப் பதிப்பா அவர் பேரிலேயே வந்துக்கிட்டிருக்கு.

நம்ம ஊருக்கும் அந்த வரிசை வந்து சேர்ந்தது. 2005-ல் ஹைதராபாத்தில் ஆரம்பிச்ச 108 சேவை, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. வண்டிக்கு ரெண்டு பேர். ஓட்டுறவருக்குப் பேர் பைலட், பின்னாடி இருக்கிறவர் அவசர மருத்துவ உதவியாளர். பின்னாடி ஒரு ஆள் இருந்தே ஆகணும் என்பது அங்கே விதி. அதுக்கு முன்னால நம்ம ஊரில் விபத்துன்னா ஆட்டோ, லாரி, கிடைச்ச வண்டி. மடியில் தலையைச் சாய்ச்சு, கழுத்து மடங்கி, தொண்டை அடைச்சு... எத்தனை பேரோ.

இனி மிச்சக் கதை. 1970-ல் மேயரான பீட் ஃப்ளாஹர்ட்டிக்கு ஃப்ரீடம் ஹவுஸ் ஆரம்பத்திலிருந்தே ஆகலை. நகராட்சி தர வேண்டிய பணம் இழுத்தடிச்சு வந்தது. சேவையை மத்த பகுதிகளுக்கும் விரிக்கக் கேட்டா, நடக்கலை. 1974-ல் மேயர் அறிவிச்சார்: நகராட்சியே சொந்தமா ஆம்புலன்ஸ் சேவை தொடங்கும். ஊர் முழுக்க, நல்ல வண்டி, நல்ல பயிற்சி. அட, கேட்டதே அதைத்தானேன்னு தோணுதா? ஃப்ரீடம் ஹவுஸ் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படாது. 1975 அக்டோபர் 15-ஆம் தேதி அதோட கடைசி நாள்.

கரோலின் விடலை. இந்த ஆட்களையும் புது சேவையில் எடுத்துக்கணும்னு மல்லுக்கு நின்னார். நகராட்சி ஒத்துக்கிட்டது, எடுத்தும் கொண்டது. அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சது. பழைய வழக்கு இருந்தவங்க வெளியே. வருஷக்கணக்கா தெருவில் உயிர் காப்பாத்தினவங்களுக்கு, அவங்க படிக்காத பாடத்தில் பரீட்சை, தேறாதவங்க வெளியே. ஒண்ணா வேலை செஞ்ச குழுக்களைப் பிரிச்சு, அனுபவமே இல்லாத புது வெள்ளைக்கார ஊழியர்களுக்குக் கீழே போட்டாங்க. பை தூக்குற வேலை, வண்டி ஓட்டுற வேலை. தலைமாட்டு சீட்டில் வேற ஆள். பலர் தாங்காம விலகினாங்க. 1990களின் கடைசியில் பிட்ஸ்பர்க் பாராமெடிக்குகளில் 98 சதவீதம் பேர் வெள்ளையர்.

சத்தம் போட்டு ஒழிச்சிருந்தாலாவது வரலாற்றில் ஒரு பக்கம் கிடைச்சிருக்கும். பரீட்சை, சீனியாரிட்டி, விதிமுறைன்னு சத்தமே இல்லாம செஞ்சதால முப்பது வருஷத்துக்கு மேல யாருக்கும் தெரியலை. இதே 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறையை வச்சு ஒரு டிவி தொடர் வந்து வீட்டுக்கு வீடு ஓடினது. பாராமெடிக்னா யாருன்னு அமெரிக்காவுக்கு முகம் கொடுத்தது அந்தத் தொடர்தான்.

ஃப்ரீடம் ஹவுஸ் பத்தின ஆவணப்படங்களும், கெவின் ஹஸார்ட் எழுதின புத்தகமும் (2022) வந்த பிறகுதான் இந்தப் பேர்கள் வெளியே தெரிய ஆரம்பிச்சது. அங்கே இருந்த மிட்செல் பிரவுன் பிற்பாடு ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் பொதுப் பாதுகாப்புக்கே இயக்குநரானார். ஜான் மூன் பிட்ஸ்பர்க்கிலேயே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தார். படிப்படியா மேலே வந்து, அதே நகராட்சி சேவையின் உதவித் தலைவரா 2009-ல் ஓய்வு பெற்றார். அந்தப் பதவிக்கு வர்ற வழியில், ஹில் மாதிரி பகுதிகளிலிருந்து ஆட்களைத் தேடி எடுத்துப் பயிற்சி கொடுக்கணும்னு அவர் விடாம கேட்டுக்கிட்டே இருந்தார். இப்போ பிட்ஸ்பர்க்கின் பெரிய ஆஸ்பத்திரி நிறுவனம் ஒண்ணு வேலையில்லாத உள்ளூர் ஆட்களுக்காக அவசர மருத்துவப் பயிற்சி ஒண்ணைத் தொடங்கியிருக்கு. பேரு ஃப்ரீடம் ஹவுஸ் 2.0. வகுப்பின் நீளம் பத்து வாரமோ என்னவோ, முதல் பாடம் மட்டும் நிச்சயமா காற்றுவழிதான் :-)